எண்ணெய் குடித்த கல்

காமயகவுண்டன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு வருகிறவரின் வேட்டியைப் பார்த்தே அன்று என்ன மருந்து என்று சொல்லிவிடலாம். வெளிறிய நீலத்தில் திட்டுத்திட்டாகக் கறை படிந்திருந்தால் துத்தம். வேளாண்மை அலுவலகத்தில் இதற்குப் பெயர் போர்டோ கலவை. மயில் துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். கொடியை அடிச்சாம்பல் நோய் தொடாமல் காப்பது இதிலுள்ள தாமிரம்.

இந்தக் கலவை பிறந்த கதை திருட்டு பயத்தில் தொடங்குகிறது. பிரான்சின் போர்டோ வட்டாரத்தில் சாலையோரக் கொடிகளின் பழத்தைப் போவோர் வருவோர் பறித்துத் தின்னாமலிருக்க, விவசாயிகள் துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துக் கொடிமீது தெளித்துவைப்பார்கள். பார்த்தால் விஷம் மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். 1882இல் அந்த வழியாக வந்த மில்லார்தே என்ற தாவரவியல் பேராசிரியர், உள்ளே இருந்த கொடிகளெல்லாம் இலை உதிர்ந்து கிடக்க, ஓரத்துக் கொடிகள் மட்டும் பச்சென்று நிற்பதைக் கவனித்தார். 1885இல் செய்முறையை வெளியிட்டார். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையையும் 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். அதற்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆக நம்மூர்த் தோட்டத்தில் கொடியும் பிரெஞ்சு வழி வந்தது, மருந்தும் பிரெஞ்சு வழி வந்தது.

நான் சொல்ல வந்தது திராட்சையைப் பற்றி இல்லை. வேட்டிக் கறையின் அந்த நீலத்தைப் பற்றி. அதே தாமிரம், அதே போன்ற நீலத்தை ஒரு கல்லுக்கும் கொடுக்கிறது. அந்தக் கல்லின் பெயரும் பிரெஞ்சுதான்.

சுருளிப்பட்டியில் இருக்கும் என் அத்தை மூன்று வருடத்துக்கு முன் தேக்கடிக்குப் போய்விட்டு வரும்போது குமுளிக் கடைவீதியில் ஒரு வெள்ளிப் பதக்கம் வாங்கினார். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினால் குமுளி. ஏலக்காய், மிளகு மூட்டைக் கடைகளுக்கு நடுவே காஷ்மீர்க்காரர்களின் கைவினைக் கடைகள் வரிசையாக இருக்கும். கம்பளம், சால்வை, மரப்பெட்டி, வெள்ளி நகை. அங்கே எடுத்த பதக்கத்தில் பட்டாணிக்குக் கொஞ்சம் பெரிதாக ஒரு நீலக்கல். கடைக்காரர் டர்க்காய்ஸ் என்றாராம். அத்தைக்கு அது வாயில் நுழையவில்லை. கம்பத்தில் அவருக்குத் தெரிந்த ஒரு ராவுத்தர் வீட்டம்மா பார்த்துவிட்டு, "இது பிரோசால்லங்க? எங்க மாமா துபாயிலேர்ந்து இந்தக் கல்லுலதான் மோதிரம் கொண்டாந்தாரு" என்றிருக்கிறார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது பிரோசா.

இரண்டு பெயரும் ஒரே கல்தான். பிரோசா பாரசீக வழி வந்த சொல், வெற்றி என்று பொருள். ஈரானில் நிஷாப்பூர் சுரங்கக் கல்லுக்கு இன்றைக்கும் தனி மதிப்பு. அந்தக் கல் துருக்கி வழியாக ஐரோப்பாவுக்குப் போனதால் பிரெஞ்சுக்காரர்கள் அதைத் 'துருக்கிக் கல்' என்றார்கள், அதுதான் டர்க்காய்ஸ். சுரங்கம் பாரசீகத்தில், பெயர் துருக்கிக்கு. விளைகிற ஊர் ஒன்று, பேர் வாங்கும் சந்தை வேறொன்று என்பது ஏலக்காய் விற்கிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

போன பொங்கலுக்குப் போனபோது அத்தை பதக்கத்தைக் கையில் கொடுத்தார். "ஏய்யா, இதப் பாரு. வானம் மாதிரி இருந்துச்சு. இப்பப் பாசி புடிச்ச மாதிரி ஆயிருச்சு. ஏமாத்திட்டானா?"

கல் பச்சையாகத்தான் இருந்தது. ஓரத்தில் சற்று மஞ்சள் கலந்த பச்சை. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "என்ன செஞ்சேன்? தங்கத்துக்குச் செய்யிறதத்தான் இதுக்கும் செஞ்சேன்."

பதில் அதற்குள்ளேயே இருந்தது. நகையைப் பேணுவதில் நமக்குத் தெரிந்த வழிகளெல்லாம் தங்கத்தோடு பழகிப் பழகி வந்தவை. தங்கம் எதோடும் எளிதில் சேராது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம், மஞ்சள் பூசலாம், வியர்வையில் ஊறவிடலாம், பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டுத் தேய்க்கலாம். 22 காரட் நகையில் 91.6 சதவீதம் தங்கம், மீதி பெரும்பாலும் தாமிரமும் வெள்ளியும். நகை மங்குவது அந்த மீதியால். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் அந்தத் தாமிரக் கறையைக் கரைத்து எடுத்துவிடுகிறது. குத்துவிளக்குக்குப் புளி போடுவதும் இதே காரணத்துக்காகத்தான். அமிலம் தாமிரச் சேர்மத்தைத் தேடிப் பிடித்துத் தின்னும், தங்கத்தைத் தொடாது. நம் பாட்டிமார் கையாண்ட வழி வேதியியல்படி மிகச் சரியான வழி, தங்கத்துக்கு.

பிரோசாவுக்கோ நிறமே தாமிரச் சேர்மம். அங்கே போய்ப் புளியைத் தேய்த்தால்?

இந்தக் கல்லின் உடம்பு எப்படிப்பட்டது என்று பார்க்கலாம். தாமிரமும் அலுமினியமும் பாஸ்பேட்டோடு சேர்ந்து, கூடவே தண்ணீரையும் பிடித்துவைத்திருக்கும் கனிமம் இது. எடையில் தாமிரம் 8 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. சுட்டு ஆவியாக்கினால் வெளியேறக்கூடிய தண்ணீரோ 17 சதவீதத்துக்கு மேல். கையில் உலர்ந்த கல்லாகத் தெரிவதில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் நீர்தான். வறண்ட நிலத்தில், தாமிரப் பாறை வழியாகக் கசிந்த மழைத்தண்ணீர் வழியில் அலுமினியத்தையும் பாஸ்பரஸையும் கண்டு, விரிசல்களில் மெல்ல மெல்லப் படிந்து உறைவதால் உண்டாவது. வைரத்தைப்போல ஆழத்தில் வெந்து பிறந்த கல் அல்ல, கசிவில் பிறந்த கல். அந்தக் குணம் கடைசிவரை போவதில்லை.

நீலத்துக்குக் காரணம் தாமிர அயனி தன்னைச் சுற்றியிருக்கும் ஆக்சிஜனோடும் நீரோடும் அமர்ந்திருக்கும் விதம். வெளிச்சத்திலிருந்து சிவப்புப் பக்கத்தை அது விழுங்கிவிடுகிறது. நம் கண்ணுக்கு வருவது மிச்சமான நீலம். பத்தாம் வகுப்பில் மயில் துத்தத்தைச் சோதனைக் குழாயில் சூடாக்கியது நினைவிருக்கும். தண்ணீர் ஆவியாகப் போகப்போக நீலம் வெளுத்துச் சுண்ணாம்புப் பொடி மாதிரி ஆகும், இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டதும் நீலம் திரும்பிவிடும். பிரோசாவையும் சூடாக்கினால் நீரை இழந்து நிறம் கெடும். வித்தியாசம், இதற்கு இரண்டு சொட்டு விட்டால் திரும்பாது. கட்டமைப்பே குலைந்துபோகிறது. அலுமினியம் இருக்க வேண்டிய இடத்தில் பிறப்பிலேயே இரும்பு கொஞ்சம் புகுந்துவிட்டால் கல் பச்சையாகவே கிடைக்கும், அது குறை இல்லை. திபெத்திலும் லடாக்கிலும் பச்சை ஓடிய கல்லையும் விரும்பி அணிகிறார்கள். லடாக் பெண்கள் தலையில் நெற்றியிலிருந்து முதுகுவரை தொங்கும் 'பேராக்' முழுக்க இந்தக் கற்களைத் தைத்துவைத்ததுதான். அத்தையின் கல் அப்படிப் பிறந்ததல்ல, பச்சையாக ஆக்கப்பட்டது.

எப்படி ஆனது? இந்தக் கல் ஒற்றைப் படிகம் அல்ல. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்படிகங்கள் நெருக்கியடித்து ஒட்டிக்கொண்ட கட்டி. நெருக்கம் நன்றாக இருந்தால் உயர்ந்த கல், மெருகு ஏறும். இடைவெளி அதிகமானால் சுண்ணக்கட்டி போல வெளுத்துத் தெரியும், காரணம் ஒவ்வொரு இடைவெளியிலும் வெளிச்சம் சிதறுகிறது. செம்மண் காட்டில் முதல் மழை விழுந்ததும் மண் எப்படிச் சட்டென்று அடர்ந்து சிவக்கிறது? மண்ணின் நிறம் மாறவில்லை. காற்று இருந்த துளைகளில் தண்ணீர் புகுந்ததால் வெளிச்சம் சிதறுவது குறைந்து, நிறம் ஆழமாகத் தெரிகிறது. வெளுத்த பிரோசாவைத் தண்ணீரில் நனைத்தாலும் இதேதான் நடக்கும். ஈரமான கல்லைக் காட்டி விற்கிறவரிடம், காயட்டும் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வருவது நல்லது.

தண்ணீர் புகுந்தால் காய்ந்துவிடும். எண்ணெய் காயாது. அத்தை வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர், பதக்கத்தைக் கழற்றுவதில்லை. நல்லெண்ணெய் துளைகளில் இறங்கி உட்கார்ந்து, காற்றுபட்டு நாளாக ஆக மஞ்சளித்துப்போகும். தாளிக்கும் கரண்டியிலும் எண்ணெய்த் தூக்கின் கழுத்திலும் பிசுபிசுவென்று படியும் அதே மஞ்சள்தான். போதாததற்கு மஞ்சள் பூசுகிறார். மஞ்சளின் நிறப்பொருளான குர்க்குமின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில் நன்றாகக் கரையும். ஆக எண்ணெயே அதைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப்போயிருக்கிறது. நீலத்துக்குள் மஞ்சள் போனால் என்ன வரும் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

வியர்வையும் சாதாரணம் இல்லை. லேசான அமிலம், உப்பு, தோலின் கொழுப்பு மூன்றும் உண்டு. ராசிக்கல் மோதிரம் கட்டும்போது அடிப்பக்கத்தைத் திறந்துவிடச் சொல்வார்கள், கல் உடம்பில் பட வேண்டும் என்று. பிரோசாவைப் பொறுத்தவரை அந்தத் திறப்பு, வியர்வை குடிக்க வைத்த வாய். போடுவதற்கு முன் பாலில் ஊறவைக்கும் பழக்கமும் உண்டு. பாலில் கொழுப்பும் இருக்கிறது, புளித்தால் லாக்டிக் அமிலமும் இருக்கிறது. நம்பிக்கையில் தலையிட நான் யார், பாலைத் தொட்டு உடனே ஈரத்துணியால் துடைத்துவிட்டால் சாத்திரமும் நிற்கும் கல்லும் நிற்கும். அந்த ராவுத்தர் வீட்டு மாமாவின் மோதிரத்துக்கும் ஒரு சேதி உண்டு. தொழுகைக்கு முன் ஒளுச் செய்யும்போது படும் தண்ணீரால் பெரிய கேடு இல்லை, துடைத்துவிட்டால் போதும். அத்தர் பூசிய விரல்தான் ஆபத்து, அத்தர் எண்ணெயாயிற்றே.

நவமணிகளில் பிரோசாவுக்கு இடம் கிடையாது. அதனால் நம் வீடுகளில் இதற்கென்று பழக்கம் எதுவும் உருவாகவில்லை. ஆனால் நமக்கு நன்றாகத் தெரிந்த முத்தும் பவளமும் இதற்கு ஒன்றுவிட்ட உறவு. அவை கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாறு பட்டால் நுரைக்கும் சாதி. பிரோசா அப்படி நுரைக்காது, பாஸ்பேட் சற்று இறுகிய பிடி. புளித்தண்ணீரில் ஒரு நாள் போட்டால் கரைந்துபோகாது, ஆனால் மெருகு போகும். மெருகு போனால் துளை திறக்கும், துளை திறந்தால் அடுத்த வெள்ளிக்கிழமை எண்ணெய்க்கு வழி எளிது. முத்துமாலையை எப்படி வைத்துக்கொள்வீர்களோ அப்படியே இதையும் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அத்தையிடம் நான் சொன்ன ஒரே விதி. புடவை கட்டி, பவுடர் போட்டு, சென்ட் அடித்து எல்லாம் முடிந்தபின் கடைசியாகப் போடுவது, வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்றுவது.

கழற்றியதும் பழைய வேட்டித் துணியை லேசாக நனைத்துப் பிழிந்து கல்லைத் துடைத்து, காய்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். அவ்வளவுதான் சுத்தம். வேட்டி ஏன் என்றால் துவைத்துத் துவைத்து அதில் விறைப்பே இருக்காது. பற்பசை போட்டுத் தேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பல பற்பசைகளில் சிலிக்காத் துகள் உண்டு, அது அரைக்கும் வேலை செய்வது. பிரோசாவின் கடினம் மோஸ் அளவில் 5 முதல் 6 வரைதான். தெருப்புழுதியில் இருக்கும் மணல் 7. அதாவது தூசியே இந்தக் கல்லைக் கீறும், காய்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் புழுதியை வைத்து உப்புத்தாள் போட்ட மாதிரி. முதலில் ஊதிவிட்டுப் பிறகு ஈரத்துணி. பெட்டியில் வைரத்தோட்டோடும் கெம்புக்கல் நகையோடும் சேர்த்துப் போடாமல் தனித் துணிப்பையில் முடிந்துவைப்பதும் இதற்காகத்தான்.

வெள்ளி கறுத்துவிட்டதே, அதற்கு? வெள்ளிப் பகுதியை மட்டும் மெருகுத் துணியால் விரல்நுனியில் தேய்த்து எடுக்கலாம். முக்கி எடுக்கும் வெள்ளித் திராவகம் வேண்டாம், அதில் அமிலம் உண்டு. நகைக்கடையில் அன்பாக, "குடுங்கம்மா, மிஷின்ல போட்டுத் தாரோம்" என்பார்கள். அது மீயொலி அதிர்வில் அழுக்கை உதிர்க்கும் தொட்டி, தங்கச் சங்கிலிக்கு அருமையானது. துளையும் விரிசலும் உள்ள கல்லுக்கு உள்ளேயே இடி இடித்த மாதிரி. நீராவி பீய்ச்சுவதும் வேண்டாம்.

சூடு என்றதும் பத்தரை நினைக்காமல் முடியாது. பதக்கத்தின் வளையம் அறுந்துபோனால் பத்தர் பற்றாசுப் பொடி வைத்து ஊதி ஒட்டுவார். பொடி வைத்துப் பேசுவது என்கிறோமே, அந்தப் பொடி இந்தப் பற்றாசிலிருந்து வந்ததுதான் என்று சொல்கிற பத்தர்களைப் பார்த்திருக்கிறேன். வெள்ளிப் பற்றாசு உருக 600, 700 டிகிரி வேண்டும். பிரோசா சில நூறு டிகிரியிலேயே நீரை விட்டுக் கெட்டுவிடும். கல்லைக் கழற்றாமல் ஊதக் கூடாது, ஊதியபின் கறுப்பெடுக்கத் திராவகத்தில் போடும்போதும் கல் கூட இருக்கக் கூடாது. நம் பக்கத்துக் கிழவிகள் காதில் ஆடிய தண்டட்டியும் சூட்டுக்கு ஆகாததே, ஆனால் வேறு காரணம். உள்ளே அரக்கு அடைத்த வெற்றுக் கூடு அது, 75 டிகிரியைத் தாண்டினால் அரக்கு இளகும். கொதிக்கும் தண்ணீரில் நகையைப் போட்டு அலசுகிறவர்கள் இரண்டையும் கெடுத்துக்கொள்வார்கள். சித்திரை வெயிலில் காரின் முன்பக்கத்தில் கழற்றி வைத்துவிட்டுப் போவதும், மொட்டைமாடியில் காயவைப்பதும்கூட வேண்டாம். ஊதுலைச் சூடு இல்லைதான், ஆனாலும் மேல்மெழுகு இளகவும் சாயம் வெளுக்கவும் அது போதும்.

மெழுகு, சாயம் என்றதும் அத்தைக்கு மறுபடி சந்தேகம். "அப்ப டூப்ளிகேட்டா?"

நியாயமான கேள்வி. உலகத்தில் முதன்முதலாகப் போலி செய்யப்பட்ட கற்களில் இதுவும் ஒன்று. எகிப்தியர்கள் சினாய்ச் சுரங்கத்தில் பிரோசா வெட்டினார்கள், கூடவே மணற்பொடியில் தாமிரம் சேர்த்துச் சுட்டு நீல மணிகளும் செய்தார்கள். இன்று சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பல நீலமணிகள் ஹவ்லைட் அல்லது மாக்னசைட். இரண்டும் வெள்ளைக் கல், நன்றாகச் சாயம் குடிக்கும். 1972இல் ஜில்சோன் என்ற பிரெஞ்சு நிறுவனம் செயற்கைக் கல்லும் கொண்டுவந்தது. நிஜக் கல்லிலும் பெரும்பகுதி அப்படியே விற்பனைக்கு வருவதில்லை. மெழுகேற்றுவது பழைய வழி, பிசினை அழுத்தி உள்ளே ஏற்றிக் கெட்டிப்படுத்துவது இப்போதைய வழி. ஜாக்கரி என்ற மின்பொறியாளர் 1980களில் கண்டுபிடித்த முறையில் பிசினே இல்லாமல் துளையைக் குறைக்கிறார்கள், ஆய்வகத்தில் பொட்டாசியத்தின் அளவைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அரிசோனாவில் தெளிந்த வான்நீலக் கல்லுக்குப் பேர்போன ஸ்லீப்பிங் பியூட்டி சுரங்கம் 2012இல் கல் எடுப்பதை நிறுத்தியபின் சுத்தமான நீலம் இன்னும் விலை ஏறிவிட்டது. பிசின் ஏற்றிய கல்லை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். சொல்லி விற்றால் சரி. உண்மையில் தினமும் போட்டுக்கொள்கிறவர்களுக்கு அதுதான் ஏற்றது, துளை அடைபட்டுவிட்டதால் எண்ணெய் எளிதில் இறங்காது.

வீட்டில் நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் இருந்தது. பஞ்சு நுனியில் ஒரு துளி தொட்டு, பதக்கத்தின் பின்பக்கம், கண்ணில் படாத ஓரத்தில் ஒற்றினேன். சாயமென்றால் பெரும்பாலும் பஞ்சில் நீலம் இறங்கும். முன்பக்கம் இதைச் செய்யக் கூடாது, மெழுகும் பிசினும் அசிட்டோனுக்கு ஆகாது. ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்திப்பார்க்கச் சொல்கிறவர்களும் உண்டு, அது சோதனை இல்லை, கொலை.

பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

"அத்தை, சாயம் இல்ல. பிசின் ஏத்தியிருந்தா இத்தனை எண்ணெய் உள்ள போயிருக்காது. அனேகமா நெசக் கல்லுதான். ஜெய்ப்பூர் மாதிரி ஊர்ல லேப்ல குடுத்தா உறுதியாச் சொல்லிடுவாங்க."

"அப்ப நெசமா இருந்ததாலதான் கெட்டுச்சா?"

"ஆமா."

"திரும்ப நீலமா ஆகுமா?"

மேலோட்டமாக இருந்தால் கல் பட்டை தீட்டுகிறவர் ஒரு பொடித் தோல் அளவு சீவி மறுபடி மெருகிட்டுப் பார்க்கலாம். மூன்று வருட எண்ணெய் அவ்வளவு மேலோட்டமாக நிற்குமா என்று எனக்குச் சந்தேகம். அதையும் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து மாமா தோட்டத்திலிருந்து வந்தார். கலவை சரியாகச் சேர்ந்ததா என்று பார்க்கத் தோய்த்த அரிவாளைக் கழுவ வாளித் தண்ணீர் கேட்டார். தீட்டிய இரும்பை ஒரு நிமிடம் கலவையில் முக்கி எடுத்தால், செம்பழுப்பாகத் தாமிரம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். அப்படியே அடித்தால் இலை கருகும். இன்றைக்குப் படியவில்லை, இரும்பு இரும்பாகவே இருந்தது. அவர் வேட்டி முழுக்க நீலம்.

அத்தை வேட்டியைப் பார்த்தார், கையிலிருந்த பதக்கத்தைப் பார்த்தார். "இவருக்கு மட்டும் எத்தன தடவ தொவைச்சாலும் போகமாட்டேங்குது," என்றார்.